எரிபஸ் மலையின் இரண்டாவது வாசல்: டூமின் ஒரு ரகசிய வழி பற்றிய நிகழ்வு ஆய்வு

ரகசிய வாசலைக் கண்டுபிடித்துவிட்டால் நாலைந்து லெவலை ஒரே தாவாகத் தாண்டிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை நிறைய பேருக்கு இருக்கிறது. சூப்பர் மாரியோவின் வார்ப் ஸோன் பழக்கிவிட்ட நம்பிக்கை அது. தொண்ணூறுகளின் ஷூட்டர் கேம்களில் இது செல்லாது. டூம் என்ற துப்பாக்கிச்சூட்டு கேமின் இ1எம்3-இல் (முதல் எபிசோடின் மூன்றாவது மேப், அதாவது லெவல்) ரகசிய வழியாக வெளியேறினால் இ1எம்9-க்குப் போவீர்கள், அதை முடித்தால் இ1எம்4 வரும். சாதாரண வாசல் வழியாகப் போயிருந்தாலும் அதே இ1எம்4தான் வந்திருக்கும். ஆக, மெனக்கெட்டு ரகசியத்தைக் கண்டுபிடித்தவனுக்குக் கிடைக்கும் பரிசு இன்னொரு லெவல் வேலை.

உண்மையிலேயே நேரத்தை மிச்சம் பண்ணுகிற குறுக்கு வழிகள் வேறு இடத்தில் இருந்தன. வடிவமைப்பாளர் கட்டிய கதவுகளில் அவை இல்லை. கேமை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருளான எஞ்சின், வேகத்தையும் மோதலையும் கணக்குப் போடும் விதத்தில் இருந்த ஓட்டைகளில் இருந்தன. இந்த இரண்டு உலகமும் பொதுவாக ஒன்றையொன்று தொடுவதில்லை. முதலாவதை வடிவமைப்பாளர் ஒளித்துவைக்கிறார், இரண்டாவதை ஆடுபவர்கள் தோண்டி எடுக்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்த லெவல் ஒன்று உண்டு: டூமின் மூன்றாவது எபிசோடில் வரும் இ3எம்6, மவுண்ட் எரிபஸ், சாண்டி பீட்டர்சன் வடிவமைத்தது. அதன் ரகசிய வாசலுக்குப் போக ராக்கெட்டை வெடித்து, அந்த அதிர்ச்சியில் நம்மை நாமே தள்ளிக்கொண்டு போகவேண்டும். 1993-இல், குதிக்கும் பட்டனே இல்லாத ஒரு கேமில்!

அதற்குப் போகும் முன் ரகசிய வாசல் என்பது உள்ளே எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் எரிபஸ் ஏன் விசேஷம் என்பது பிடிபடாது.

டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேரே 1992-இல் வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டி-இல் ஒவ்வொரு எபிசோடுக்கும் பத்து தளங்கள். எட்டு சாதாரணம், ஒன்பதாவதில் பாஸ், பத்தாவது ரகசியம். முதல் எபிசோடில் முதல் தளத்திலேயே ரகசிய லிஃப்ட் இருக்கிறது, தள்ளினால் பின்னால் நகரும் சுவர்களுக்கு அப்பால். அந்த லிஃப்டையும் சாதாரண லிஃப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சுவிட்சும் ஒன்றேதான். பிறகு கேமுக்கு எப்படித் தெரிகிறது? 1995-இல் வெளியான சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தால் விடை ஒரே வரியில் இருக்கிறது: சுவிட்சை அமுக்கும் நொடியில் ஆடுபவர் நிற்கும் தரைக் கட்டத்தின் எண் 107 ஆக இருந்தால் ரகசியத் தளம், இல்லாவிட்டால் அடுத்த தளம். எந்த சுவிட்சை அமுக்கினீர்கள் என்பது பொருட்டே இல்லை, எங்கே நின்று அமுக்கினீர்கள் என்பதுதான் கணக்கு. இவ்வளவு சிக்கனமான வேலையை இப்போதெல்லாம் யாரும் செய்வதில்லை.

ரகசியத் தளம் முடிந்ததும் எங்கே திரும்புவது? அதற்கு ஆறு எபிசோடுக்கும் ஆறு எண்கள் கொண்ட சின்னப் பட்டியல் கோடிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது எபிசோடின் ரகசியத் தளத்துக்கு ஏழாவது தளத்திலிருந்து போவீர்கள், திரும்பி வந்தால் எட்டாவது. நடுவில் பாக்மேன் கட்டத்தைப் போன்ற ஒரு தளம், சுட்டாலும் சாகாத பேய்கள் நான்கு பக்கமும் சுற்றும். சிரிப்பதா ஓடுவதா என்று தெரியாத இடம் அது.

1993 டிசம்பர் 10-ஆம் தேதி வெளியான டூம் தரைக் கட்டத்தை விட்டுவிட்டு மேப்பில் சுவரைக் குறிக்கும் கோட்டுக்கு வந்தது. மேப்பில் ஒவ்வொரு சுவர்க்கோட்டுக்கும் ஒரு வகை எண் உண்டு: 11 என்றால் சாதாரணமாக வெளியேறும் சுவிட்ச், 51 என்றால் ரகசிய வெளியேற்ற சுவிட்ச். நடந்து கடந்தாலே லெவலை முடிக்கிற கோடுகளுக்கு 52, 124. ஆனால் எங்கே போகவேண்டும் என்று அந்தக் கோடு சொல்வதில்லை. ரகசிய வாசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்த எபிசோடின் ஒன்பதாவது மேப். ஒன்பதாவது முடிந்ததும் எபிசோட் எண்ணை மட்டும் பார்த்து, முதல் எபிசோட் என்றால் நான்காவது மேப், இரண்டாவது என்றால் ஆறாவது, மூன்றாவது என்றால் ஏழாவது. எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கும் வழக்கமே கிடையாது.

இதன் விளைவு சுவாரஸ்யமானது. சொந்தமாக மேப் செய்கிற ஒருவர் இ1எம்7-இல் ரகசிய வாசல் வைத்தால், ஆடுபவர் ஒன்பதுக்குப் போய், பிறகு நான்குக்குத் திரும்பி, முடித்த லெவல்களையே மறுபடி ஆடவேண்டி வரும். அதுவே இ1எம்1-இல் வைத்தால் இரண்டும் மூன்றும் காணாமல் போய், வார்ப் ஸோன் மாதிரியே ஆகிவிடும். அதாவது உண்மையான குறுக்கு வழி வைக்க எஞ்சினில் இடம் இருந்தது, ஐடி சாஃப்ட்வேர்காரர்கள்தான் வைக்கவில்லை. வாசல்களை இ1எம்3, இ2எம்5, இ3எம்6 என்று அட்டவணைக்குச் சரியாகப் பொருந்தும் மேப்களில் வைத்து, ஒரு லெவலும் விட்டுப்போகாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. லெவல் முடிவில் வரும் ரகசிய சதவீதத்துக்கும் ரகசிய வாசலுக்கும் சம்பந்தம் இல்லை. சதவீதம் எண்ணுவது வகை எண் 9 கொண்ட தரைப்பகுதிகளை. வாசல் என்பது சுவர்க்கோடு. ஒன்றை எண்ணும் கணக்கில் மற்றது சேராது. ஆனாலும் ஒரு துப்பு கொடுத்திருக்கிறார்கள்: முதல் எபிசோடில் லெவல்களுக்கு நடுவே காட்டும் வரைபடத்தில், முடித்த இடங்களில் ரத்தத் திட்டு விழும். அதில் எட்டு இடத்துக்கு மேல் ஒரு கட்டடம் மட்டும் சுத்தமாகவே இருக்கும். கவனித்தவர்களுக்குப் போதும்.

டூம் 2-இல் (1994) ஜெர்மன் பதிப்புக்காக ஒரு தனி ஏற்பாடு உண்டு. அதன் ரகசிய லெவல்கள் மேப் 31, மேப் 32 இரண்டும் வுல்ஃபென்ஸ்டைனின் லெவல்களைத் திருப்பிக் கட்டியவை, நாஜிச் சின்னங்கள் இருந்ததால் ஜெர்மனியில் அப்போது அவற்றை விற்க முடியவில்லை, எனவே எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டால் மேப் 15-இல் இருக்கும் ரகசிய வாசல் எங்கே போகும்? கோடில் ஒரு சோதனை போட்டார்கள்: மேப் 31 கோப்பில் இல்லையென்றால் ரகசிய வாசலையும் சாதாரண வாசலாகவே எடுத்துக்கொள். 1997 டிசம்பரில் வெளியான சோர்ஸ் கோடில் அந்தச் சோதனை அப்படியே இருக்கிறது.

சரி, எரிபஸ்

திறந்தவெளி மேப். நடுநடுவே கட்டடங்கள். நீலச் சாவி எடுத்து சாதாரணமாக முடித்துவிட்டுப் போகலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போனார்கள். ரகசிய வாசல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இல்லை. பிரச்சினை இடைவெளி. நீங்கள் நிற்கும் விளிம்புக்கும் அதற்கும் நடுவே தரை இல்லை, சாதாரணமாக ஓடினால் எட்டாது, கீழே விழுவீர்கள்.

எவ்வளவு எட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் எல்லாம் சோர்ஸ் கோடிலேயே இருக்கின்றன. டூம் நொடிக்கு 35 முறை கணக்குப் போடுகிறது, ஒவ்வொரு முறைக்கும் பெயர் டிக். யூனிட் என்பது கேமுக்குள் நீளத்தின் அளவு. ஓடும்போது ஒவ்வொரு டிக்கிலும் வேகம் சுமார் 1.56 யூனிட் கூடுகிறது, உராய்வு ஒவ்வொரு டிக்கிலும் சுமார் 9.4 சதவீதம் தின்றுவிடுகிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் வேகம் டிக்குக்கு சுமார் 16.7 யூனிட்டில் நின்றுவிடும். தரையை விட்டுக் காலெடுத்ததும் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கிறது: ஓடும் பட்டனை அமுக்கினாலும் வேகம் கூடாது, உராய்வும் கிடையாது. விளிம்பைத் தாண்டிய நொடியில் என்ன வேகமோ அதே வேகத்தில்தான் விழுந்து முடியும் வரை போவீர்கள்.

24 யூனிட் வரை உயரமுள்ள படியை டூமில் ஏறிவிடலாம். இது காற்றில் இருக்கும்போதும் செல்லும் என்பதுதான் ரகசியமே. எதிரில் இருக்கும் தரை உங்கள் உயரத்திலேயே இருந்தாலும், நீங்கள் 24 யூனிட்டுக்கு மேல் கீழே இறங்காமல் அதைத் தொட்டுவிட்டால் ஏறிவிடுவீர்கள். அவ்வளவு இறங்க ஆறு டிக் அளவுதான் ஆகும். ஆறு டிக், 16.7 வேகம்: சுமார் 100 யூனிட். ஆடுபவரின் உடல் அகலம் 32 என்பதால் அதன் பங்கும் கொஞ்சம் சேரும். சாதாரண ஓட்டத்தின் எல்லை இதுதான்.

ராக்கெட் வெடித்தால் நடுவில் 128 அளவு சேதம், விலக விலகக் குறையும். உங்களுக்கு விழும் சேதத்தை எட்டால் வகுத்தால் வருவதுதான் உங்களைத் தள்ளும் வேகம். 96 சேதம் என்றால் டிக்குக்கு 12 யூனிட், வெடித்த இடத்துக்கு எதிர்ப்பக்கமாக. மேலே தூக்காது, கிடைமட்டமாக மட்டும்தான், ஏனென்றால் அந்தக் கணக்கில் உயரத்துக்கு இடமே இல்லை. பின்னோக்கி ஓடும் வேகத்தோடு அந்த 12 முழுசாகச் சேர்ந்தால் 28.7. ஆறு டிக்கில் 170 யூனிட்டைத் தாண்டுகிறது. முன்னால் சுவர், பின்னால் இடைவெளி, சுவரில் ஒரு ராக்கெட், முதுகு முதலில் போய்ச் சேரும்.

காகிதத்தில் எளிது. கையில் வராது, காரணம் ராக்கெட் லாஞ்சரின் தாமதம். பட்டனை அமுக்கியதும் ராக்கெட் கிளம்பாது, எட்டு டிக் கழித்துத்தான் கிளம்பும், அப்புறம் சுவரை அடைய இன்னும் இரண்டு மூன்று டிக். எட்டு டிக்கில் முழு ஓட்டத்தில் இருப்பவர் 130 யூனிட்டுக்கு மேல் போய்விடுவார். விளிம்புக்கு வந்து பட்டனை அமுக்குகிறவர் ராக்கெட் கிளம்பும் முன்பே கீழே கிடப்பார். ரொம்ப முன்னாலேயே அமுக்கினால் தரையில் இருக்கும்போதே தள்ளல் வந்து, உராய்வு அதைத் தின்றுவிடும். சுவரிலிருந்து ரொம்ப விலகியிருந்தால் சேதம் குறைவு, தள்ளலும் குறைவு. ஒட்டி நின்றால் தள்ளல் பிரமாதம், உயிர்தான் மிஞ்சாது. கவசம் போட்டுக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்: பச்சை மூன்றில் ஒரு பங்கையும் நீலம் பாதியையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் தள்ளும் வேகம் கவசத்தைக் கழிப்பதற்கு முன்பே கணக்கிடப்படுகிறது. வலி பாதி, உந்துதல் முழுசு. சேதமே ஏறாத பவர் இருந்தாலும் இதே கதைதான், தள்ளல் முழுசாகக் கிடைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அபத்தம் ஒன்று. மிக எளிதான ஆட்ட நிலையில் ஆடுபவருக்கு எல்லாச் சேதமும் பாதியாகிறது, பாவம் புதியவர் என்று. அந்தப் பாதியாக்கல் தள்ளும் வேகத்தைக் கணக்கிடும் முன்பே நடந்துவிடுகிறது. எனவே அதே இடத்தில் அதே ராக்கெட் வெடித்தாலும் புதியவருக்குப் பாதித் தள்ளல்தான். கேமின் மிக எளிதான நிலையில் இந்த வாசல் மட்டும் கடினமாகிறது. இதை யாரும் யோசித்துச் செய்திருப்பார்கள் என்று தோன்றவில்லை, நாலு வரி சோர்ஸ் கோடு எந்த வரிசையில் எழுதப்பட்டது என்பதன் விளைவு.

இப்படி ஒரு வித்தையைக் கேமே எங்கேயும் சொல்லித்தராமல் வாசலுக்குப் பூட்டாக வைப்பது நியாயமா? என் கருத்தில் ரகசியத்துக்கு நியாயம், சாதாரண வழிக்கு அநியாயம். எரிபஸில் அது சரியான பக்கத்தில் இருக்கிறது. லாஞ்சரோடு விளையாடிப் பார்த்து, சொந்த ராக்கெட்டில் அடிபட்டுத் தூரப்போய் விழுந்த எவருக்கும் இதற்கான விதை ஏற்கெனவே தெரியும்.

பின்கதவுக்கும் ஒரு பின்கதவு

அப்புறம் ஆடுபவர்கள் ராக்கெட்டே தேவையில்லை என்று கண்டுபிடித்தார்கள். டூமில் முன்னோக்கி ஓடும் விசை 50, பக்கவாட்டு விசை 40. இரண்டையும் சேர்த்து அமுக்கினால் குறுக்காக 64 கிடைக்கும், நேராக ஓடுவதைவிட 28 சதவீதம் வேகம். யாரும் அந்தக் கூட்டலைத் தடுக்கவில்லை. இன்னொரு படி மேலே: கீபோர்டில் பக்கவாட்டுச் சாவியோடு, திரும்பும் சாவியையும் பக்கவாட்டாக மாற்றிச் சேர்த்து அமுக்கினால் 40-ம் 40-ம் சேர்ந்து 80 ஆகி, உச்சவரம்பான 50-க்கு வெட்டப்படும். இப்போது முன்னால் 50, பக்கத்தில் 50, குறுக்காக சுமார் 70.7. ஸ்பீட்ரன், அதாவது கேமை முடிந்த அளவு வேகமாக முடிக்கும் போட்டி ஆடுபவர்கள் இதை எஸ்ஆர்50 என்கிறார்கள். டிக்குக்கு 23.6 யூனிட், ஆறு டிக்கில் 140. நிபந்தனை ஒன்று: அந்த நேரத்தில் திரும்ப முடியாது, திரும்பும் சாவிதான் பக்கவாட்டு வேலைக்குப் போய்விட்டதே. எனவே கோணத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, குருட்டுத்தனமாக ஒரே நேர்கோட்டில் ஓடவேண்டும்.

எரிபஸின் ரகசிய வாசலை இப்படி ஓடியே எட்டிவிடலாம். உயிரும் போகாது, ராக்கெட்டும் செலவாகாது. வடிவமைப்பாளர் ஓர் எஞ்சின் விளைவை நம்பிப் பூட்டுப் போட்டார், ஆடுபவர்கள் அதே எஞ்சினின் இன்னொரு விளைவால் பூட்டைத் திறந்தார்கள். பீட்டர்சன் செய்ததற்கும் இவர்கள் செய்ததற்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் வாய்ச்சவடால் என்று யாரும் சொல்ல முடியாததற்கு ஆட்டத்தைப் பதிவுசெய்யும் டெமோ கோப்புதான் காரணம். டூமின் டெமோ படம் பிடிப்பதில்லை, ஒவ்வொரு டிக்குக்கும் நாலு பைட் எழுதுகிறது: முன்பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, திரும்பிய கோணம், பட்டன்கள். திருப்பி ஓட்டினால் எஞ்சின் அதே ஆட்டத்தை மறுபடி கணக்குப் போடும். யார் எந்த இடத்தில் எஸ்ஆர்50 போட்டார் என்பதை எண்ணாகவே பார்த்துவிடலாம்.

சரி, இத்தனை பாடுபட்டு உள்ளே போனால் என்ன இருக்கிறது? இ3எம்9, வாரன்ஸ். கண்ணைத் திறந்தால் இ3எம்1. அதே அறை, அதே வழி, எபிசோடின் முதல் லெவல் அச்சு அசலாக. ஏதோ தப்பாகிவிட்டது, முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். தெரிந்த வழியிலேயே போய், தெரிந்த வாசலுக்கு வந்து, அப்பாடா என்று நிற்கும்போது சுவர்கள் இறங்கி 4000 உயிர்ப்புள்ளி கொண்ட சைபர்டீமன் என்ற ராட்சத எதிரி முன்னால் நிற்கும். ரகசிய லெவலைப் புதிதாகக் கட்டுவதற்குப் பதில் பழைய லெவலையே பொறியாக மாற்றியது, அந்த மூன்று எபிசோடில் வரும் ரகசிய லெவல்களிலேயே சிறந்த யோசனை என்று நான் அடித்துச் சொல்வேன். முதல் எபிசோடின் இ1எம்9 நல்ல லெவல்தான், ஆனால் அதை எண்களை மாற்றிச் சாதாரண வரிசையில் வைத்தாலும் பொருந்தும். வாரன்ஸை வேறெங்கும் வைக்க முடியாது.

எபிசோடை முழுதாக வேகமாக முடிக்கிற ஸ்பீட்ரன்னில் இந்த வாசலை யாரும் சீந்துவதில்லை, கூடுதல் லெவல் என்றால் கூடுதல் நொடிகள். தனி லெவல் ஓட்டங்களில் மட்டும் ரகசிய வாசலில் முடிப்பதைத் தனியாகக் கணக்கு வைக்கிறார்கள், மேப் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எஸ் போட்டு.

1996-இல் ஐடி சாஃப்ட்வேரின் அடுத்த ஷூட்டரான குவேக் வந்தபோது இரண்டு விஷயம் மாறிற்று. வெளியேறும் இடம் ஒவ்வொன்றும் அடுத்த மேப்பின் பெயரைத் தானே வைத்துக்கொண்டது, அட்டவணை போயிற்று. ஆனாலும் பழக்கம் போகவில்லை: இ1எம்4-இலிருந்து ரகசியமாக இ1எம்8-க்குப் போய் இ1எம்5-க்குத் திரும்புவீர்கள், அதே சுற்றுவழி. அந்த இ1எம்8-இல் புவியீர்ப்பு 800-க்குப் பதில் 100, மேப்பின் பெயரைப் பார்த்து கேமின் கோடே மாற்றிவிடும். இரண்டாவது மாற்றம், ராக்கெட்டின் தள்ளல் இப்போது மேல்நோக்கியும் வேலை செய்தது. குதிக்கவும் முடிந்தது, கீழே பார்க்கவும் முடிந்தது. எரிபஸில் ஒரு மூலையில் இருந்த வித்தை குவேக்கில் எல்லா மேப்புக்கும் பொதுவாயிற்று. 1997-இல் வந்த குவேக் டன் குவிக் என்ற ஓட்டம் மிகக் கடினமான நைட்மேர் நிலையில் முழுக் கேமையும் 19 நிமிடம் 49 நொடியில் முடித்தது, 2000-இல் அதே வரிசையில் வந்த ஓட்டம் 12 நிமிடம் 23 நொடிக்குக் கொண்டுவந்தது.

1998-இல் ஹாஃப் லைஃப் என்ற ஷூட்டர் லெவல்களுக்கு நடுவே இருந்த திரையையே எடுத்துவிட்டது. நடந்துகொண்டே இருப்பீர்கள், ஒரு நொடி லோடிங், மறுபடி நடப்பீர்கள். லெவல் எப்போது முடிந்தது என்றே தெரியாத இடத்தில் ரகசியமாக முடிக்க என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு வந்த கதை சார்ந்த ஷூட்டர்களில் இந்த வழக்கம் தேய்ந்துபோனதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

டூமுக்கு மேப் செய்பவர்களிடம் அது சாகவில்லை. இன்றைய எஞ்சின்களில் மேப்போடு ஒரு சின்ன எழுத்துக்கோப்பு வைத்து, ரகசிய வாசல் எந்த மேப்புக்குப் போகவேண்டும் என்று ஒவ்வொரு லெவலுக்கும் தனித்தனியாக எழுதிவிடலாம், ஒன்பதாம் எண்ணின் கட்டாயம் இல்லை. அதே எஞ்சின்களில் சிலவற்றில் குதிக்கும் பட்டனும் இருக்கிறது. எரிபஸை அதில் ஆடுவதாக இருந்தால் அமைப்பில் போய் அதை அணைத்துவிடுங்கள், கவசம் எடுத்துக்கொள்ளுங்கள், பட்டனை நீங்கள் நினைப்பதைவிடக் கால் நொடி முன்னாலேயே அமுக்குங்கள்.